பஸ் கேட்டு வந்த மனுவும் முதலாம் ஆண்டு வகுப்பும்: ஒரு நிகழ்வு ஆய்வு

முதலாம் ஆண்டு இதழியல் மாணவர்களுக்குச் செய்தி எழுதக் கற்றுக்கொடுப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. முதல் வாரம் யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்று ஆறு கேள்விகளைப் பலகையில் எழுதுவோம், அடுத்த வாரம், முக்கியமானதை முதலில் வைக்கிற தலைகீழ் பிரமிடு வரைவோம், அப்புறம் ஏதாவது ஒரு சம்பவத்தைச் சொல்லி எழுதிக்கொண்டு வரச் சொல்வோம். வந்த தாள்களில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டுப்போட்டுக் களைத்துப்போய், பிள்ளைகளுக்கு எழுத வரவில்லை என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொள்வோம். நான் இதை ஒப்புக்கொள்வதில்லை. எழுத வராமல் கெடுகிற செய்திகள் குறைவு, கேட்காமல் திரும்பி வந்ததால் கெடுகிற செய்திகள்தான் அதிகம். நாம் திருத்துவது வாக்கியத்தை, ஓட்டை இருப்பது நோட்டில். இந்தப் பருவத்தில் வகுப்பு முழுவதும் ஒரே செய்தியைப் பல வாரம் பின்தொடர்ந்தது. அதில் இந்த விஷயம் தெளிவாகத் தெரிந்ததால் முழுசாக எழுதிவைக்கிறேன். ஊர், துறை, மாணவர்கள் யாருடைய பெயரும் இதில் இருக்காது.

வகுப்பில் இருப்பவர்கள் ஓமலூர், ஆத்தூர், சங்ககிரி, எடப்பாடி என்று சேலத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள். வீட்டில் தறி ஓடும், சிலர் வீட்டில் கொலுசுக்குச் சலங்கை கோப்பார்கள், ஜவ்வரிசி ஆலையில் வேலை பார்க்கிற அப்பாக்கள் உண்டு. நாளிதழைத் தாளில் விரித்துப் படிப்பவர்கள் குறைவு. அவர்களுக்குத் தெரிந்த செய்தி மொழி டிவியிலும் போனில் ஓடுகிற வீடியோக்களிலும் காதில் விழுந்ததுதான். அதனால் எழுத உட்கார்ந்த உடனே கை தானாக 'பரபரப்பு', 'அதிர்ச்சி', 'என்பது குறிப்பிடத்தக்கது' என்று போகும். இதற்காக அவர்களைக் குறைசொல்ல மாட்டேன், எந்த மொழியைக் கேட்டு வளர்ந்தார்களோ அதைத்தான் எழுதுவார்கள்.

பொங்கல் முடிந்து வந்த திங்கட்கிழமை, கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு வகுப்பைக் கூட்டிப்போனேன். மாவட்டச் செய்தி எழுதுகிற யாருக்கும் திங்கட்கிழமை முக்கியமான நாள். பட்டா, முதியோர் உதவித்தொகை, பாதை ஆக்கிரமிப்பு, சுடுகாட்டுக்கு வழி என்று மாவட்டத்தின் குறைகள் எல்லாம் அன்றைக்கு ஒரே வரிசையில் வந்து நிற்கும். வாசலில் போலீசார் பையைச் சோதித்துத்தான் உள்ளே விடுவார்கள். தீக்குளிக்கப் போகிறேன் என்று யாராவது கேனோடு வந்துவிடக் கூடாது என்பதற்கான சோதனை அது. பழகிய நிருபர்களின் கண்ணும் கேமராவும் அந்த வாசலைப் பார்த்தபடிதான் இருக்கும். சத்தமில்லாமல் வரிசையில் நின்று மனு கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் செய்தியாவது அபூர்வம். அதனால் மாணவர்களிடம் சொன்னது ஒன்றுதான்: வாசலை விட்டுவிடுங்கள், வரிசையில் நிற்பவர்களிடம் பேசுங்கள்.

அன்றைக்கு ஏற்காடு மலையிலிருந்து ஒரு கிராமத்துக்காரர்கள் வந்திருந்தார்கள். பெண்கள்தான் அதிகம். காபிப் பழம் பறிக்கிற காலம், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்திருக்கிறார்கள். ஊருக்கு வந்துகொண்டிருந்த பஸ் இப்போது வருவதில்லை, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிறார்கள், பஸ்ஸை மறுபடி விட வேண்டும் என்பது மனு. வகுப்பு மொத்தமும் அவர்களைச் சூழ்ந்துகொண்டது, பத்து நிமிடம் பேசியிருப்பார்கள். மறுநாள் எல்லோரும் எழுதிக்கொண்டு வந்தார்கள். பெரும்பாலான செய்திகளின் தொடக்கம் ஏறக்குறைய இப்படி இருந்தது:

"இயற்கை எழில் கொஞ்சும் ஏற்காடு, ஏழைகளின் ஊட்டி என்று அழைக்கப்படுகிறது. இங்கு ஏராளமான மலைக் கிராமங்கள் உள்ளன. இந்நிலையில் பல ஆண்டுகளாகப் பஸ் வசதியின்றி அவதிப்படும் மலைவாழ் மக்கள் நேற்று மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்களிடம் மனு அளித்தனர். அதிகாரிகளின் அலட்சியத்தால் மாணவர்கள் ஐந்து கிலோமீட்டர் நடந்து செல்லும் அவலம் நீடிக்கிறது. இதனால் அங்கு சிறிது நேரம் பரபரப்பு ஏற்பட்டது."

'மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்களிடம்' என்பது அன்றைக்கு வாட்ஸ்அப்பில் வந்த அரசு செய்தி வெளியீட்டின் நடை. 'எழில் கொஞ்சும்' எங்கிருந்து வந்தது என்று சொல்லவே வேண்டாம். இப்படி அடையாளம் கண்டு சொல்வது எளிது, அடித்துவிடுவதும் எளிது. அடித்துவிட்டால் என்ன மிஞ்சும் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அன்றைய வகுப்பில் சிவப்புப் பேனாவை எடுக்கவே இல்லை. செய்தியை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன், ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் மற்றவர்கள் "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்க வேண்டும்.

பரபரப்பு ஏற்பட்டதா? இல்லை மேடம், மனு கொடுத்தாங்க, ரசீது வாங்கினாங்க, வெளியில போய் டீ குடிச்சாங்க. சரி, அது போகட்டும். அதிகாரிகளின் அலட்சியம் என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. எந்த அதிகாரியிடமாவது கேட்டீர்களா? அதுவும் இல்லை. ஐந்து கிலோமீட்டர்? இங்கேதான் வகுப்பு கொஞ்சம் அரண்டது, ஏனென்றால் ஒருவர் மூன்று என்று எழுதியிருந்தார், இன்னொருவர் ஐந்து, இன்னொருவர் ஏழு. எல்லோரும் ஒரே அம்மாவிடம்தான் கேட்டிருக்கிறார்கள். அவர் சொன்னது "அஞ்சாறு கிலோமீட்டர் இருக்குங்க". பல ஆண்டுகளாக? "பல வருஷமா மனு குடுக்கிறோம்" என்று ஒருவர் சொன்னார். எத்தனை வருடம், முதல் மனு எப்போது, அதற்கு என்ன பதில் வந்தது? வகுப்பில் யாரிடமும் விடை இல்லை.

அப்புறம் பஸ் ஏன் நின்றது? கூட்டமாகச் சூழ்ந்துகொண்டு பேசியதில், இந்த ஒரு கேள்வியை ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஆறு கேள்வியையும் மனப்பாடமாகச் சொல்வார்கள், ஆனால் தேர்வில் எழுத வேண்டிய விடையாகத்தான் அது மனதில் பதிந்திருக்கிறது, ஆளிடம் கேட்க வேண்டியதாகப் பதியவில்லை.

பிறகு பிரமிடு பாடம் நடத்தினேன். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கப் பத்திரிகைகளில் வேரூன்றிய வடிவம் அது. முக்கியமானது மேலே, போகப்போக முக்கியம் குறைந்தது கீழே, பக்கத்தில் இடம் போதாவிட்டால் கீழிருந்து வெட்டிவிடலாம். பாடம் முடிந்து திருத்தி எழுதச் சொன்னதும் இப்படி வந்தது:

"ஏற்காடு அருகே நிறுத்தப்பட்ட பஸ்ஸை மீண்டும் இயக்கக் கோரி, நாள்தோறும் பல கிலோமீட்டர் தூரம் நடந்து பள்ளிக்குச் செல்லும் மாணவ, மாணவியரின் பெற்றோர் உள்ளிட்ட மலைக் கிராம மக்கள், சேலம் கலெக்டர் அலுவலகத்தில் நேற்று நடந்த மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு அளித்தனர்."

இலக்கணப் பிழை எதுவும் இல்லை. பாடத்தில் சொன்னதையெல்லாம் உள்ளே அடைத்திருக்கிறார்கள், ஏன் என்பதைத் தவிர. படித்து முடிப்பதற்குள் மூச்சு முட்டுகிறது, கடைசியில் கிடைப்பது 'மனு அளித்தனர்'. செய்திப் பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அந்த மொழியில் யார் என்ன செய்தார் என்பது வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடும், மற்றவை பின்னால் தொங்கும். தமிழில் வினைமுற்று கடைசியில்தான் நிற்கும். ஆறு விடையையும் ஒரே வாக்கியத்தில் திணித்தால் என்ன நடந்தது என்று தெரிய வாசகர் கடைசிச் சொல் வரைக்கும் காத்திருக்க வேண்டும். 1942ல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார் சின்னச்சின்ன வாக்கியங்களை வலியுறுத்தியதை எளிய மக்களுக்காகச் செய்த ஏற்பாடு என்று மட்டும் பார்க்கிறார்கள். மொழியின் அமைப்பே அதைத்தான் கேட்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அதனால் தமிழ் இன்ட்ரோவுக்கு, அதாவது செய்தியின் தொடக்கத்துக்கு, நான் கேட்கிற கேள்வி வேறு: முதல் வாக்கியம் எந்த வினைமுற்றில் முடியப்போகிறது? 'மனு அளித்தனர்' என்று முடிந்தால் மனு கொடுத்ததுதான் செய்தி. திங்கட்கிழமை வரிசையில் வந்தவர்கள் எல்லோரும் மனு கொடுத்தார்கள், அதில் புதிதாக ஒன்றும் இல்லை. 'பஸ் வரவில்லை' என்று முடிந்தால் அது வேறு செய்தி. 'பிள்ளைகள் நடக்கிறார்கள்' என்று முடிந்தால் இன்னும் வேறு. அப்படியானால் 'நடக்கிறார்கள்' என்று எழுதலாமா என்று ஒரு மாணவி கேட்டாள். நடப்பதை நீ பார்த்தாயா என்றேன். பார்க்கவில்லை. கலெக்டர் அலுவலக வரிசையை மட்டும் பார்த்தவர்கள் நேர்மையாக எழுதக்கூடிய வினை 'மனு கொடுத்தனர்' ஒன்றுதான். நல்ல இன்ட்ரோ வேண்டுமென்றால் மலைக்குத்தான் போக வேண்டும்.

விருப்பப்பட்டவர்கள் சிலர், அந்த வாரமே, முந்தின நாள் சாயந்திரம் ஏற்காடு போய்த் தங்கி, விடிவதற்கு முன் கிளம்பினோம். பஸ் இப்போது நின்று திரும்புகிற இடம் மேலே இருக்கிறது, ஊர் கீழே. நடுவில் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறிய காபித் தோட்டங்களுக்குள் போகிறது பாதை. காலையில் பிள்ளைகளுக்கு ஏற்றம். நாங்கள் ஊருக்கு இறங்கிப்போய் அவர்களோடு சேர்ந்து ஏறினோம். போனில் அளந்தால் நான்கு கிலோமீட்டருக்குள்தான் வந்தது. ஆனால் சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவதால் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகிறது. மூன்றா ஐந்தா ஏழா என்று வகுப்பில் அடித்துக்கொண்ட சண்டை அங்கேயே முடிந்தது. மலைப் பாதையில் கிலோமீட்டர் படிப்பவருக்கு ஒன்றும் சொல்லாது, ஒரு மணி நேரம் ஏற்றம் என்றால் புரியும் என்று ஒரு பையன் அவனாகவே சொன்னான். வகுப்பறையில் எத்தனை நாள் சொல்லியிருந்தாலும் இதை இப்படி வாங்கியிருக்க மாட்டான்.

ஊரில்தான் அந்த ரசீதுகள் கிடைத்தன. மனு கொடுக்க வந்திருந்த ஒரு பாட்டியின் வீட்டுத் திண்ணையில் பேசிக்கொண்டிருந்தபோது அந்த மாணவி கேட்டாள்: "பாட்டி, நீங்க மனு குடுத்ததுக்கு ரசீது குடுத்தாங்கல்ல, அதைக் காட்டுறீங்களா?"

"எது கண்ணு, சீட்டா? இருக்கு, இரு."

உள்ளே போய் ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்தார். அதற்குள் பிளாஸ்டிக் கவர், கவருக்குள் ரேஷன் கார்டு, ஆதார் நகல், நான்காக மடித்த ரசீதுகள். திண்ணையில் தேதிவாரியாக விரித்து வைத்துப் பார்த்தோம். மூன்று ரசீதுகள் இந்த மழைக்காலத்துக்குப் பிறகு கொடுத்த மனுக்களுக்கானவை. நான்காவது சில வருடங்களுக்கு முந்தையது, அதில் பொருள் வேறு: சாயந்திரம் இன்னொரு நடை பஸ் விடக் கேட்ட மனு. பாட்டியிடம் கேட்டதும் விவரம் வந்தது. காலையில் ஒரு பஸ் ஊருக்குள் வந்துகொண்டுதான் இருந்தது. வடகிழக்குப் பருவமழையில் ஒரு வளைவில் தடுப்புச் சுவர் சரிந்துவிட்டது. அந்த இடத்தில் பஸ் போக முடியாது என்று மேலேயே நிறுத்தித் திருப்பிவிடுகிறார்கள்.

பாட்டியோ மற்றவர்களோ பொய் சொல்லவில்லை. பல வருடமாக மனு கொடுப்பது உண்மை, பிள்ளைகள் நடப்பதும் உண்மை. ஆனால் பல வருட மனு சாயந்திர பஸ்ஸுக்கு, நடப்பது இந்த மழைக்குப் பிறகு. இரண்டு குறையும் சொல்கிறவர் மனதில் ஒன்றாகக் கலந்திருக்கின்றன, அது இயல்பு. பிரித்துப் பார்க்க வேண்டியது நிருபரின் வேலை. 'பல ஆண்டுகளாகப் பஸ் வசதியின்றி' என்று வெளியிட்டிருந்தால் அது தவறான செய்தி. ஏதாவது ஒரு அதிகாரி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மொத்த மனுவையும் தள்ளிவைத்திருக்கலாம். தவறான தகவலால் அடிபடுவது முதலில் நாம் யாருக்காக எழுதுகிறோமோ அவர்கள்தான். இதை மாணவர்களுக்குச் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை, ரசீதைப் பார்த்ததும் அவர்களே பேசிக்கொண்டார்கள்.

இன்னொன்று, மேற்கோள். திங்கட்கிழமை எழுதிய ஒரு செய்தியில் ஊர்ப் பெண் ஒருவர் சொன்னதாக இப்படி இருந்தது: "எங்கள் குழந்தைகள் கல்வி கற்கச் செல்வதில் மிகுந்த சிரமத்தைச் சந்திக்கின்றனர்." அந்தப் பெண்ணின் குரலை அந்த மாணவனே போனில் பதிவுசெய்திருந்தான். போட்டுக் கேட்டோம்: "புள்ளைங்க இருட்டுல கெளம்புதுங்க, நாங்க டார்ச் அடிச்சு மேடு வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டு வேலைக்குப் போறோம்." இருட்டு, டார்ச், மேடு, வேலை எல்லாமே அவர் சொல்லியிருக்கிறார். பேசியதை எழுத்துத் தமிழாக்கும்போது பிள்ளைகள் சொல்லை மட்டும் மாற்றுவதில்லை, தகவலையே துடைத்துவிடுகிறார்கள். பேச்சு வழக்கை அப்படியே போடலாமா, மாற்ற வேண்டுமா என்பது பத்திரிகைக்குப் பத்திரிகை வேறுபடும், அதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. "பிள்ளைகள் இருட்டில் கிளம்புகிறார்கள். நாங்கள் டார்ச் அடித்து மேடு வரை கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்குப் போகிறோம்" என்று எழுதினாலும் எதுவும் குறையாது. இயந்திரத்திடம் கேட்டு எழுதி வாங்கி வந்த செய்திகளையும் இந்த இடத்தில்தான் பிடிக்க முடிகிறது. அவற்றில் யார் பேசினாலும் சிரமத்தைச் சந்திப்பார்கள், யாரிடமும் டார்ச் இருக்காது.

காட்டெருமைக்காக ஒரு சண்டை நடந்தது, சுருக்கமாகச் சொல்கிறேன். சேர்வராயன் மலையில் காட்டெருமை உண்டு, தோட்டங்களுக்குள் வரும். 'காட்டெருமை பீதியில் மாணவர்கள்' என்று தலைப்பே ஒருவன் தயாராக வைத்திருந்தான். இந்தப் பாதையில் பார்த்திருக்கிறீர்களா என்று ஊரில் கேட்டபோது "எப்பவாச்சும் பாப்போம், அது பாட்டுக்குப் போயிரும்" என்றார்கள். செய்தியில் அது இருக்கலாம், ஆறாவது ஏழாவது பத்தியில், அவர்கள் சொன்ன அளவிலேயே. தலைப்பில் வைத்தால் சரிந்த சுவரை விட்டுவிட்டு எல்லோரும் எருமையைத்தான் பேசுவார்கள்.

எதிர்த்தரப்பிடம் கேட்பதுதான் மாணவர்களுக்குப் பெரிய மலை. ஊர்க்காரர்களிடம் பேச வருகிறது, அதிகாரிக்குப் போன் செய்யச் சொன்னால் கை நடுங்குகிறது. போனில் முதல் முப்பது வினாடி என்ன சொல்வது என்று வகுப்பிலேயே பயிற்சி கொடுத்தோம்: பெயர், கல்லூரி, எதற்காக எழுதுகிறோம், நீங்கள் சொல்வதை உங்கள் பதவியோடு வெளியிடுவோம் என்ற தகவல், அப்புறம் உடனே கேள்வி. மன்னிப்புக் கேட்டுத் தொடங்கக் கூடாது, வழக்காடவும் கூடாது. பஸ் தரப்பில் ஒருவர் எடுத்தார். சாலை சரியானால் பஸ் விட எங்களுக்குத் தடை இல்லை, அந்த வளைவில் வண்டியைத் திருப்புவது ஆபத்து என்று ஓட்டுநர்களே சொல்லியிருக்கிறார்கள் என்றார். சாலைத் தரப்பில் இரண்டு நாள் கழித்து, சுவர் கட்ட மதிப்பீடு தயாராகி அனுமதிக்குப் போயிருக்கிறது என்று சொன்னார்கள். இதைக் கேட்டதும் 'அலட்சியம்' என்ற சொல் எல்லோருடைய தாளிலிருந்தும் தானாகப் போய்விட்டது, அதற்குப் பதிலாக ஒரு நல்ல கேள்வி வந்தது: அனுமதிக்கு எப்போது போனது?

இங்கே ஒரு சின்ன விஷயம். 'பஸ் ஆபத்து என்று அதிகாரி ஒப்புக்கொண்டார்' என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். ஒப்புக்கொண்டார் என்றால் ஏதோ மறைத்துவைத்திருந்தார் என்று ஆகிவிடும். குற்றம்சாட்டினார், மழுப்பினார், ஒப்புக்கொண்டார் எல்லாம் நிருபர் போடுகிற தீர்ப்புகள். 'என்றார்', 'கூறினார்' போதும். போலீஸ் செய்திக்குப் போகும்போது இந்தப் பழக்கம் உயிர்ப் பிரச்சினை ஆகிவிடும். எப்ஐஆரில் இருப்பது புகார் கொடுத்தவர் சொன்னது, தீர்ப்பு வரும் வரை கைதானவர் குற்றம் சாட்டப்பட்டவர்தான். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்கில் குழந்தையின் பெயரோ ஊரோ பள்ளியோ, அடையாளம் காட்டுகிற எதுவும் வரக்கூடாது என்று சட்டத்தின் 23ஆம் பிரிவே சொல்கிறது. மலைப் பாதையில் நடக்கிற பிள்ளைகளின் படத்துக்குச் சட்டச் சிக்கல் இல்லை. ஆனாலும் பெற்றோரிடம் கேட்டுவிட்டு, பின்பக்கமிருந்து எடுத்தோம்.

லேப் ஜர்னலுக்கு, அதாவது மாணவர்களின் பயிற்சி இதழுக்கு, போன செய்தியில் ஊர்ப் பெயர் இருந்தது. இங்கே அதை மட்டும் எடுத்துவிட்டுத் தருகிறேன்:

"ஏற்காடு மலையில் உள்ள கிராமத்துக்குப் பருவமழையின்போது நின்ற பஸ் இன்னும் வரவில்லை. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் பஸ் பிடிக்க, விடியும் முன் கிளம்பி ஒரு மணி நேரம் மலையேறுகிறார்கள். சாலை வளைவில் சரிந்த தடுப்புச் சுவரைக் கட்டினால்தான் பஸ் விட முடியும் என்று அதிகாரிகள் கூறுகின்றனர். பஸ்ஸை மீண்டும் விடக் கேட்டு ஊர்மக்கள் கடந்த திங்கட்கிழமை சேலம் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்தனர். மழைக்குப் பிறகு அவர்கள் கொடுத்த மூன்றாவது மனு இது."

ஐந்து வாக்கியம், நான்கு வினைமுற்று. இதை எழுதிய பெண் வகுப்பில் நன்றாக எழுதுகிறவள் என்று பெயர் வாங்கியவள் இல்லை. ரசீது கேட்டவள் அவள்தான். மலைக்கு வராமல் வகுப்பிலேயே இருந்த, தமிழ் நன்றாக எழுதக்கூடிய இருவர் இதே செய்தியை மூன்று முறை திருத்தி எழுதியும் இதன் பக்கத்தில் வர முடியவில்லை. அவர்களுடைய திறமையில் குறை இல்லை, அவர்களிடம் எழுதுவதற்குப் பொருள் இல்லை. இந்த நிகழ்விலிருந்து நான் எடுத்துக்கொள்கிற முடிவுக்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

அடுத்த வருடம் முதல் பருவத்தில் பிரமிடை ஐந்தாவது வாரத்துக்குத் தள்ளிவைக்கப்போகிறேன். முதல் நான்கு வாரமும் நோட்டுக்குத்தான் மதிப்பெண், செய்திக்கு இல்லை. யாரிடம் பேசினாய், என்ன கேட்டாய், என்ன தாளைப் பார்த்தாய், எது இன்னும் தெரியவில்லை என்று நோட்டில் இருக்க வேண்டும். உழவர் சந்தையில் காய் விலை, லீ பஜாரில் மூட்டைக் கூலி, கொலுசுப் பட்டறையில் ஒரு ஜோடிக்கு என்ன கிடைக்கிறது என்று அவரவர் ஊரிலேயே வேலை கிடக்கிறது. செய்தி என்றால் டெல்லியில் நடப்பது என்று நினைத்திருந்த பிள்ளைகள் வீட்டுத் திண்ணையில் சலங்கை கோக்கும் அம்மாவிடம் கேள்வி கேட்டாலே போதும், தொடங்கிவிடலாம். இதற்கு நேரம் அதிகம் பிடிக்கும், பாடத்திட்டத்தில் இடம் பண்ண வேண்டும், ஏற்காட்டுக்குக் கூட்டிப்போக ஆகும் பஸ் செலவை யார் கொடுப்பது என்ற கேள்வியும் இருக்கிறது. ஆனாலும் நடக்கவே நடக்காத ஒரு கற்பனைச் சம்பவத்தைப் பலகையில் எழுதி இன்ட்ரோ எழுதச் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

அந்த ஊரின் கதை முடியவில்லை. ஜனவரி 26 கிராம சபைக் கூட்டத்துக்கு இரண்டு மாணவர்கள் போனார்கள். தடுப்புச் சுவரைச் சீக்கிரம் கட்டக் கேட்டுத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள், தீர்மானத்தின் நகலைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறார்கள். மதிப்பீடு எந்தத் தேதியில் அனுமதிக்குப் போனது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனு போட்டிருக்கிறோம். முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும், மார்ச் முதல் வாரத்தில் கெடு முடிகிறது. வராவிட்டால் மேல்முறையீட்டு மனுவை யார் எழுதுவது, வந்தால் ஊருக்கு யார் போவது என்று வகுப்பில் பெயர் போட்டுப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.